ஹெரால்டைத் தூக்கும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தந்தை வேலை பார்த்தபோது வாங்கிய 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னிடம் இருக்கிறது. நான்கு கதவு வண்டி, இன்றும் ஓடுகிறது. பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை ஓய்வு பெற்ற பிறகு நானே செய்கிறேன். மாதம் ஒருமுறை எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துவிடுகிறேன். ஜாக்கி வைத்துத் தரையில் படுத்து வேலை செய்ய முதுகு இடம் கொடுக்கவில்லை. வீட்டுக் கராஜில் லிஃப்ட் வைக்க ஆசை. கராஜ் 3.6 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் நீளம், தரையிலிருந்து மேல்தளம் வரை உயரம் 2.9 மீட்டர். ஒரு பக்கம் மலையை வெட்டிய சுவர். மறுபக்கம் பள்ளம், தடுப்புச் சுவர் கட்டி மண் நிரப்பியது. தரையில் நீளவாக்கில் ஒரு மெல்லிய விரிசல் உண்டு. டூ போஸ்ட் (இரண்டு தூண்) லிஃப்ட் வாங்கச் சொல்கிறான் மகன். "எதற்கு வீண் செலவு, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டுங்கள்" என்கிறார் மைத்துனர். லிஃப்ட் வைத்தால் மேலே ஹெரால்டும் கீழே எங்கள் ஆல்டோவும் நிறுத்த முடியுமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி.

பதில்:

ஐயா, வணக்கம். அளவுகளோடு எழுதியதற்கு முதலில் நன்றி. லிஃப்ட் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் விலையையும் எத்தனை டன் தூக்கும் என்பதையும்தான் கேட்கிறார்கள். உங்கள் வண்டியின் எடை சுமார் 800 கிலோ. சந்தையில் கிடைக்கும் எந்த லிஃப்டும் அதைத் தூக்கிவிடும். ஆகவே டன் கணக்கை விட்டுவிடுவோம். லிஃப்ட் எந்தத் தரையில் நிற்கப்போகிறது, வண்டியை எந்த இடத்தில் தாங்கப்போகிறது என்ற இரண்டும்தான் நாம் பார்க்க வேண்டியவை. மலையில் பாதி வெட்டி, பாதி நிரப்பிக் கட்டிய கராஜுக்கு முதல் கேள்வியே பெரிய கேள்வி.

மைத்துனர் சொன்ன குழியை முதலில் ஒதுக்கிவிடலாம். சமவெளியில், மழைத் தண்ணீர் தேங்காத ஊரில், நன்றாகக் கட்டிய குழி பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அவர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். கோத்தகிரியில் ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் வெட்டுச் சுவரிலிருந்து ஊறும் தண்ணீர் நேரே குழிக்குள்தான் இறங்கும். அதைவிட ஆபத்து பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது. பழைய கார்புரேட்டர் சொட்டுச் சொட்டாய் ஒழுகினாலும் ஆவி கீழே இறங்கிக் குழியில் தங்கிவிடும்; கையில் பிடித்த விளக்கிலிருந்து ஒரு பொறி போதும். போதாக்குறைக்கு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண்ணில் பள்ளம் தோண்டினால் அந்தச் சுவர் தாங்கும் மண்ணையே கலைக்கிறோம். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் சரிவுகள் ஏற்பட்டதைப் பார்த்தவர் நீங்கள். நம் செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். தண்ணீர் நிறைந்துவிட்டால் பலத்தை இழந்துவிடும். குழி வேண்டாம்.

இப்போது தரை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "நீளவாக்கில் ஒரு மெல்லிய விரிசல்" என்பதுதான். அது தடுப்புச் சுவருக்கு இணையாக, கராஜின் நடுவாக்கில் ஓடுகிறதா? அப்படியானால் வெட்டிய மண் முடிந்து நிரப்பிய மண் தொடங்கும் கோடாக அது இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டிய பக்கம் காலகாலமாக இறுகிய மண். நிரப்பிய பக்கம், எவ்வளவு திமிசு போட்டிருந்தாலும், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் அமரும். மேலே போட்ட கான்கிரீட் இரண்டு மனதாக நிற்கிறது.

ஒரு சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுச் சுவர்ப் பக்கத்திலிருந்து பள்ளத்துப் பக்கம் வரை ஒவ்வொரு அடிக்கும் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். கான்கிரீட்டுக்கு அடியில் மண் இறங்கி இடைவெளி விழுந்த இடத்தில் ஓசை பொத்தென்று மாறும். மாறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு விரிசலை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். பிறகு மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாகத் துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடிமனை அளந்து பாருங்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் "ஆறு அங்குலக் கான்கிரீட்" என்று உறுதியாகச் சொன்னார்கள். துளையிட்டபோது மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட், கீழே வெறும் ஜல்லியும் செங்கல் துண்டும். கட்டியவர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அது கார் நிறுத்தப் போட்ட தரை. அதற்கு அது போதும்.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று அறிய ஒரு பழைய முறை இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விரல் அகலத்துக்குப் பூசி, பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலம் கழித்தும் அது உடையாமல் இருந்தால் தரை அமர்ந்து முடிந்திருக்கிறது. உடைந்திருந்தால் லிஃப்ட் பேச்சை நிறுத்திவிட்டுத் தடுப்புச் சுவரையும் அதன் வடிகால் துளைகளையும் ஒரு சிவில் பொறியாளரிடம் காட்டுங்கள். அந்தத் துளைகள் புல் முளைத்து அடைந்து கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். நீங்கள் இன்றே போய் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிடலாம்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் கேட்கும் டூ போஸ்ட் லிஃப்டின் உயிரே தரையில்தான் இருக்கிறது. இரண்டு தூண்கள், அவற்றிலிருந்து உள்நோக்கி நீளும் நான்கு கைகள். வண்டி கைகளில் ஏறியதும் தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வைத் தடுப்பவை தூணின் அடித்தட்டில், வெளிப்பக்கம் இருக்கும் ஆங்கர் போல்ட்டுகள். அவற்றைத் தரையிலிருந்து மேலே பிடுங்கும் விசை இழுத்துக்கொண்டே இருக்கும். பொதுவாகத் தயாரிப்பாளர்கள் குறைந்தது 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை, விரிசல் இல்லாத நல்ல கான்கிரீட்டைக் கேட்கிறார்கள். போல்ட்டுக்கும் கான்கிரீட்டின் ஓரத்துக்கும் விரிசலுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்கிறார்கள். உங்கள் 3.6 மீட்டர் அகலத்தில் டூ போஸ்ட் எப்படியோ நுழைந்துவிடும். ஆனால் ஒரு தூண் தடுப்புச் சுவரை ஒட்டி, நிரப்பிய மண்ணின் மேல் நிற்கும். மற்றது கெட்டி மண்ணில் நிற்கும். ஒரு பக்கம் ஓர் அங்குலம் இறங்கினால்கூட மேலே தொங்கும் வண்டிக்கு அது சிறிய விஷயமில்லை. தரையை வெட்டி எடுத்துத் தனி அடித்தளம் போடலாமே என்று மகன் கேட்பார். கெட்டி மண்ணில் அதைத் தாராளமாகச் செய்யலாம். நிரப்பிய மண்ணில், தடுப்புச் சுவரின் முதுகில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

மேலே ஹெரால்டு, கீழே ஆல்டோ என்ற ஆசைக்குக் கணக்கே பதில் சொல்லிவிடுகிறது. ஹெரால்டின் உயரம் சுமார் 1.32 மீட்டர். ஆல்டோவுக்கு ஒன்றரை மீட்டர். நான்கு தூண் கொண்ட ஃபோர் போஸ்ட் லிஃப்டில் சக்கரங்கள் நிற்கும் ஓடுதளத்தின் தடிமனுக்கு ஒரு 15 சென்டிமீட்டர். கூட்டினால் 2.97 மீட்டர், உங்கள் தளம் 2.9. தரையை வெட்டி இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குழிக்குச் சொன்ன காரணங்கள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். நீலகிரியில் மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடுகளும் உண்டு.

தரையை விட்டு வண்டிக்கு வருகிறேன். ஹெரால்டை எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கிலாந்தின் டிரையம்ஃப் வடிவமைத்த வண்டி என்றாலும், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதற்கு இன்னும் இரண்டு கதவு சேர்த்து, 1960-களில் நான்கு கதவு ஹெரால்டாக்கியது. அந்த உடல் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. உங்கள் வீட்டில் நிற்பது அதில் ஒன்று.

அம்பாசடரையும் பழைய ஃபியட்டையும் போல உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்த வண்டி அல்ல இது. தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் உடலை போல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். சேஸிஸின் இரண்டு முதன்மைச் சட்டங்களும் வண்டியின் நடுவாக்கில் நெருங்கி ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரியும் அவுட்ரிக்கர்கள் உடலின் ஓரத்தைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே தெரியும் 'சில்' (sill) தகடு போல்ட்டால் மாட்டியது. அது எதையும் தாங்குவதற்காகச் செய்யப்படவில்லை. இன்றைய கார்களைத் தூக்கிப் பழகிய ஆள் அங்கேதான் லிஃப்ட் கையின் ரப்பர் பேடை வைப்பார். வைத்தால் தகடு நசுங்கும். வண்டி சரிந்தாலும் ஆச்சரியமில்லை. அவுட்ரிக்கர்களோ மலையின் ஈரத்துக்கு முதலில் பலியாகிற இடம். மேலே கறுப்பு பெயின்ட் பளபளக்க, உள்ளே துரு தின்றிருக்கும்.

ஆகவே எந்த லிஃப்டும் வாங்கும் முன், மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஃபோர் போஸ்ட் லிஃப்ட் உள்ள ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், சக்கரத்தின் மேல் நிற்கிறபடியே தூக்கிக் கீழே நின்று பாருங்கள். ஒரு மழுங்கிய ஸ்குரூடிரைவரால் சேஸிஸ் முழுக்க, குறிப்பாக அவுட்ரிக்கர் சட்டத்தோடு சேரும் முனைகளில், அழுத்திப் பாருங்கள். கெட்டி இரும்பு குத்தலைத் திருப்பி அனுப்பும். கெட்ட இரும்பு உள்வாங்கும். எங்கே கெட்டி என்று தெரிந்த இடங்களில் பெயின்ட் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உங்கள் லிஃப்டின் பேடுகள் உட்கார வேண்டிய இடங்கள் அவை.

உங்களுக்கு வண்டியின் அடியில் என்னென்ன வேலை என்று யோசித்துப் பார்த்தேன். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக முழுதாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் நின்ற நிலையிலேயே கைக்கு வந்துவிடும். கியர் பாக்ஸை உள்ளே சீட்டுப் பக்கம் மூடியைக் கழற்றி மேலே எடுத்துவிடலாம். கீழே இறக்கத் தேவையே இல்லை. எஞ்சுவது பிரேக் குழாய், சைலன்சர், பின் டிஃபரன்ஷியல், குறுக்குப் பட்டை வில், சேஸிஸ் துரு, சக்கரம் கழற்றிச் செய்யும் பிரேக் வேலை. இதற்கு வண்டி தலைக்கு மேலே போக வேண்டியதில்லை. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தால், சக்கரம் வைத்த தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு நிமிர்ந்தபடி எல்லாம் முடிந்துவிடும்.

எனவே என் தேர்வு, நடுத்தர உயரச் சிசர் லிஃப்ட். கத்தரிபோல் மடிந்து விரியும் வகை. சுமார் 1 முதல் 1.2 மீட்டர் வரை தூக்கும். வண்டியின் உயரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். உங்கள் தளத்துக்கு அடங்கும். பானெட்டையும் டிக்கியையும் திறந்து வைத்தும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். எடை ஒரு சட்டத்தின் மேல் பரவித் தரைக்கு இறங்குகிறது. போல்ட்டைப் பிடுங்கும் விசை இல்லை. முடிந்தவரை வெட்டிய மண் பக்கம் தள்ளி வைத்தால் விரிசலுக்கும் அந்தப் பக்கமே வேலை முடிந்துவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு நீளத் தட்டுகள் சில் தகட்டுக்குக் கீழே வந்து தாங்கும் மாதிரியை வாங்காதீர்கள். நான்கு சிறு கைகள் சுழன்று நீண்டு உள்ளே சேஸிஸ் வரை போய்ச் சேரும் மாதிரியே ஹெரால்டுக்குப் பொருந்தும். இதில் ஒரு குறை உண்டு: லிஃப்டின் சட்டம் நடுவில் கொஞ்சம் இடத்தை மறைக்கும், புரொபெல்லர் ஷாஃப்ட் வேலைக்குக் கை வளைத்துச் செய்ய வேண்டியிருக்கும். ஏற்றுக்கொள்ளக்கூடிய குறை. இரண்டு தனிச் சட்டங்களாக வரும் கையடக்க லிஃப்டுகளும் ஓரத்தில்தான் தாங்குகின்றன. உங்களுக்கு அவை வேண்டாம்.

ஃபோர் போஸ்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. சேஸிஸில் கை வைக்காமல் சக்கரத்தோடு தூக்குவதால் பழைய வண்டிக்கு அதைவிடச் சாதுவான லிஃப்ட் கிடையாது. ஆனால் சக்கரத்தைக் கழற்ற அதன்மேல் தனியாக ஒரு ஜாக்கி வாங்க வேண்டும், கராஜை முழுதாக அடைத்துக்கொள்ளும், கம்பி வடங்கள் நம் மூடுபனியில் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறையில் சேஸிஸ் மிகவும் மோசம் என்று தெரியவந்தால் மட்டும் இந்தப் பக்கம் திரும்புவோம்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த இன்னொரு வரி. "எல்லா இடத்திலும் கிரீஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டுச் சட்டம் கீழே ட்ரன்னியன் என்ற வெண்கல உறுப்பில் திருகாணிபோல் இறங்கித் திரும்புகிறது. அங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது. ஈபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் கெட்டித்து மரைக்குள் போகாமல் நிற்கும். தண்ணீர் போய்த் தங்கும். நெட்டுச் சட்டம் மரையின் அருகே உள்ளுக்குள் அரித்து ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அந்த உறுப்புக்கு வேலை அதிகம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். பழைய கிரீஸ் இருப்பதால் இரண்டு பக்கமும் கழற்றிச் சுத்தம் செய்து, மரை அருகே அரிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஆயில் விடுங்கள். கிரீஸ் துப்பாக்கியிலேயே ஆயில் நிரப்பி, சக்கரம் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி, மேல் விளிம்பில் கசியும்வரை அடிக்க வேண்டும். லிஃப்ட் வரும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பட்டறையிலேயே செய்துவிட்டு மலையேறுங்கள்.

மின்சாரம். ஒற்றை ஃபேஸில் ஓடும் மோட்டாரே போதும், பெரும்பாலும் 2.2 கிலோவாட் அளவில் வரும். தொடங்கும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும். மாலை ஏழு மணிக்குக் கராஜின் பிளக்கில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அப்போதுதான் ஊரே ஹீட்டர் போடுகிறது. வீட்டுப் பலகையிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (சுமை கூடினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் இந்த மூன்றும் இல்லாமல் இணைக்க வேண்டாம். ஹைட்ராலிக் ஆயில் 46-க்குப் பதில் 32 ரகம் நம் குளிருக்கு இலகுவாக ஓடும். லிஃப்டின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் வண்டி விழாது. லிஃப்டின் இரும்புப் பூட்டுப் பற்களில் உட்கார வைத்த வண்டி அப்படியே நிற்கும். ஆனால் இறக்கவும் முடியாது. பூட்டை விடுவிக்க முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாத ஊர் நம்முடையது. கைப்பம்பு உள்ள மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். எந்த நிலையிலும் ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பூட்டு விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், அதன்மேல் எடை இறங்கி உட்கார வேண்டும், அதன் பிறகே ஸ்டூலை உள்ளே தள்ளுங்கள். முதலில் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்ப்பதும் ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்ய வேண்டியது.

ஹெரால்டுக்கே உரிய ஒரு விஷயம். இதன் பின் ஆக்சில் இரண்டு பாதியாக ஊசலாடும் வகை. சேஸிஸைப் பிடித்துத் தூக்கினால் பின்சக்கரங்கள் தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடிந்துகொள்ளும். இறக்கினாலும் உடனே விரியாது. வண்டியின் பின்பக்கம் தூக்கியபடி நிற்கும். பார்ப்பவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறுவார். உருட்டினால் சரியாகிவிடும். ஆனால் உங்கள் கராஜில் உருட்ட இடமில்லை, வெளியே சரிவு. அதனால் பின்சக்கரம் இறங்கும் இடத்தில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே கிரீஸ் தடவி, வைத்துவிடுங்கள். சக்கரம் அதன்மேல் இறங்கி வெளிப்பக்கம் வழுக்கித் தன் நிலைக்கு வரும். முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை போட மறக்காதீர்கள்.

லிஃப்ட் கோயம்புத்தூரிலிருந்து வருமானால் பெரிய லாரி உங்கள் வீட்டுச் சந்தில் திரும்புமா என்று முன்கூட்டியே பாருங்கள். திரும்பாது என்றால் மேட்டுப்பாளையத்திலேயே சிறிய வண்டிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. சில நூறு கிலோ எடையுள்ள பெட்டியைச் சரிவில் ஆள் வைத்து இறக்குவது எளிதல்ல. செயின் பிளாக்கும் அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். பழைய லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், கைகளில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா, பூட்டுப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

தரையில் ஏதாவது கான்கிரீட் வேலை தேவைப்பட்டால் தை பிறந்து தொடங்குங்கள். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும்; 28 நாள் ஈரம் காய விடாமல் காத்து, அதன் பிறகே எடை ஏற்ற வேண்டும். தட்டிப் பார்த்தபோது ஓசை மாறிய கோட்டையும் விரிசலையும் சேர்த்து ஒரு படம் வரைந்து, துளைகளில் கிடைத்த தடிமன்களையும் அதில் குறித்து அனுப்புங்கள். லிஃப்டை எந்த இடத்தில் வைப்பது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.